வார்டில் நின்று பார்ப்பது எப்படி: மருத்துவக் கல்வியில் இனவரைவியல்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமெல்லாம் பல வீடுகளில் பேசுவது தமிழ்தான். ரேஷன் கார்டு கேரளத்துடையது, சொந்தபந்தம் பாதி பொள்ளாச்சியிலும் கிணத்துக்கடவிலும். உடம்புக்கு முடியாவிட்டால் சிலர் மேற்கே பாலக்காட்டுக்குப் போவார்கள், சிலர் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் பஸ் ஏறுவார்கள். நான் அந்தப் பக்கத்துப் பெண், சமூக மருத்துவம் கற்பிக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் படுத்திருக்கும் கட்டிலைச் சுற்றி நின்று மருத்துவ மாணவர்கள் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பதைத்தான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அதற்கு நான் நம்பிக் கையில் எடுத்த முறை இனவரைவியல், அதாவது மக்களோடு நீண்ட காலம் கூடவே இருந்து, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி ஆராய்வது. இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பி.ஜி. மாணவர்களுக்கும் எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது, எப்படி எழுதுவது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், கேள்வித்தாள் ஏன் போதாது? ‘நோயாளி சொல்வதை முழுவதும் கேட்கிறீர்களா?’ என்று அச்சடித்துக் கொடுத்தால் மாணவர்களில் பெரும்பாலோர் ‘ஆம்’ பக்கம் டிக் போடுவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்டதாகத்தான் உண்மையிலேயே நினைக்கிறார்கள். காலை ரவுண்ட்ஸில் கட்டிலுக்குப் பக்கத்தில் நடப்பதை நாமே நின்று பார்க்காமல், அந்த ‘ஆம்’ எதைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

கொஞ்சம் வரலாறு. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரை ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் மக்களோடு தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, அன்றாட வாழ்க்கையை எழுதியதிலிருந்து நீண்ட காலம் கூடவே இருந்து பார்ப்பது மானிடவியலின் அடிப்படை முறையானது. 1950-களில் ஹோவர்ட் பெக்கர், பிளான்ச் கீர், எவரெட் ஹியூஸ், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் ஆகிய சமூகவியலாளர்கள் அதே முறையைக் கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். மாணவர்களோடு வகுப்பிலும் லேபிலும் வார்டிலும் கூடவே இருந்தார்கள். 1961-ல் அது புத்தகமாக வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஒருவகை நோயாளிகளைப் பற்றி மாணவர்கள் சலித்துக்கொள்வதைப் பெக்கர் கவனித்தார். நிறைய உபாதை சொல்வார்கள், பரிசோதித்தால் ஒன்றும் அகப்படாது, அப்படிப்பட்ட நோயாளிகள். ‘இவர்களைப் பார்த்தால் ஏன் சலிப்பு?’ என்று அவர் மாணவர்களைத் துருவித் துருவிக் கேட்டார். கடைசியில் தெரிய வந்தது இது: இந்த நோயாளிகளிடமிருந்து புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது, நேரம் மட்டும் போகும் என்று மாணவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். தங்களுக்கு எவ்வளவு பயன்படுவார் என்பதை வைத்து நோயாளியை மதிப்பிடும் பழக்கத்தை எந்தப் பாடத்திட்டமும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. வார்டே சொல்லித் தந்தது. பின்னாளில், 1994-ல், ஹாஃபர்ட்டியும் ஃபிராங்க்ஸும் மருத்துவ நெறிமுறை கற்பிப்பதைப் பற்றி எழுதியபோது, இப்படி எழுதப்படாமல் கற்பிக்கப்படுவதை ‘மறைந்திருக்கும் பாடத்திட்டம்’ என்ற பெயரில் பேசினார்கள். நாம் தேடிப் போவதும் அதைத்தான்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

‘மாணவர்களின் மனப்பான்மை’ என்ற தலைப்போடு வார்டுக்குள் போனால் எதைப் பார்ப்பது என்றே தெரியாமல் திரும்பி வருவீர்கள். கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் முடிகிற கேள்வி வேண்டும். என் கேள்வி இப்படி: மலையாளம் பேசும் மாணவர் தமிழ் மட்டும் பேசும் நோயாளியிடம் ஹிஸ்டரி எடுக்கும்போது, அதாவது நோயின் விவரத்தைக் கேட்டு எழுதும்போது, யார் யாரிடம் பேசுகிறார், நடுவில் யார் நிற்கிறார், எது கேஸ் ஷீட்டுக்கு (நோயாளியின் விவரம் எழுதும் தாளுக்கு) போகிறது, எது போகவில்லை?

அந்த ‘நடுவில்’ என்பதைக் கேட்டால் கேரளத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே புரியும். பைஸ்டாண்டர் பாஸோடு (துணைக்கு இருப்பவருக்கான அனுமதிச் சீட்டோடு) கூட இருக்கும் மகள், அடுத்த கட்டில்காரரின் மருமகன், சில சமயம் தரை துடைக்க வந்த அக்கா. மொழிபெயர்க்க என்று தனி ஆள் கிடையாது. யாருக்கு இரண்டு மொழியும் வருமோ அவர்தான் அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர்.

உங்கள் கேள்வி வேறாக இருக்கலாம். கேஷுவல்டியில் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) எந்த நேரத்தில் பி.ஜி.யைக் கூப்பிடத் தயங்குகிறார்? ஆபரேஷன் தியேட்டரில் மாணவிகள் எங்கே நிற்க வைக்கப்படுகிறார்கள்? எதுவானாலும் சரி, ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். களத்தில் இறங்கிய பிறகு கேள்வி மாறினாலும் பரவாயில்லை. இந்த முறைக்குள் அதற்கு இடம் உண்டு.

அனுமதி

‘சும்மா நின்று பார்க்கத்தானே போகிறேன்’ என்று நெறிமுறைக் குழுவைத் தாண்டிப் போகாதீர்கள். மனிதர்களைப் பற்றிய ஆய்வு என்றால், ஊசி போடாவிட்டாலும், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் பொருந்தும். குழுவின் ஒப்புதலுக்குப் பிறகு யூனிட் சீஃப், நர்சிங் சூப்பிரண்டு, வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் என்று ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பாருங்கள். இன்சார்ஜ் சிஸ்டரைக் கடைசியில் வைக்க வேண்டாம். வார்டு அவர் கையில்தான் இருக்கிறது.

மாணவர்களிடம் சம்மதம் வாங்குவதுதான் நிஜமாகவே சிக்கல். இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியர் வந்து ‘விருப்பம் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள்’ என்று சொன்னால் எந்த மாணவர் மறுப்பார்? மேலதிகாரியின் கீழ் இருப்பவர்கள் சுதந்திரமாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்பதை அந்த நெறிமுறைகளும் கணக்கில் எடுக்கின்றன. அதனால் மார்க்கோடு தொடர்பில்லாத ஒருவர் சம்மதம் கேட்கட்டும். உங்கள் குறிப்பில் உள்ள எதுவும் மதிப்பீட்டுக்குப் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். உங்கள் பேட்ச் மாணவர்களை நீங்களே ஆய்வு செய்வதைத் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

நோயாளிகளுக்கான தகவல் தாள் எங்கள் பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும், அதோடு வாய்விட்டுப் படித்தும் காட்ட வேண்டும். வயதானவர்கள் பலருக்கு இரண்டு மொழியிலும் பேச்சு வரும், படிக்க வராது. ‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால் அந்தக் கட்டில் அருகே நடப்பது உங்கள் நோட்டில் வரக் கூடாது, எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்து, ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்: நோயாளிக்கு உடனடி ஆபத்து என்று கண்ணில் பட்டால் ஆய்வை நிறுத்திவிட்டுத் தலையிடுவேன். மருத்துவர்களாகிய நமக்கு இதில் இரண்டாவது யோசனையே இருக்கக் கூடாது.

எங்கே நிற்பது, என்ன உடுத்துவது

கவனிப்பவர் களத்தில் எடுக்கும் இடத்தை சமூகவியலாளர் ரேமண்ட் கோல்டு 1958-ல் நான்கு வகையாகப் பிரித்தார். ஒரு முனையில் முழுவதும் உள்ளே கலந்துவிடுபவர், மறு முனையில் விலகி நின்று பார்க்க மட்டும் செய்பவர், நடுவில் இரண்டு கலவை. வார்டில் பெரும்பாலும் வேலைக்கு ஆவது மூன்றாவது வகை: முக்கியமாகக் கவனிப்பது, தேவைப்பட்டால் சின்னச் சின்ன உதவி. திரை இழுத்து விடுவது, ஸ்டூல் நகர்த்துவது, பிளாஸ்கில் வெந்நீர் பிடிக்கப் போன மகள் வரும்வரை பாட்டியோடு பேசிக்கொண்டிருப்பது.

வெள்ளைக் கோட்டு வேண்டாம். போட்டால் நோயாளிகள் எழுந்து உட்காருவார்கள், மாத்திரை மாற்றித் தரச் சொல்வார்கள், மாணவர்கள் விறைத்துவிடுவார்கள். ஐ.டி. கார்டு மட்டும் தெரியும்படி மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செக்யூரிட்டி பைஸ்டாண்டர் பாஸ் கேட்பார். நோயாளியின் முகம் தெரிகிற பக்கமாக நில்லுங்கள். புரொஃபசர் பேசும்போது எல்லாக் கண்களும் புரொஃபசர் மேல் இருக்கும். அந்த நேரத்தில் படுத்திருப்பவர் எங்கே பார்க்கிறார் என்பதை யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும்.

ரவுண்ட்ஸ் தொடங்குவதற்கு நல்ல நேரம் முன்பே போய்விடுங்கள், முடிந்த உடனே கிளம்பாதீர்கள். பெரியவர்கள் அடுத்த வார்டுக்குப் போன பிறகு மாணவர்கள் இரண்டு மூன்று பேராக நின்று பேசுவதில் அன்றைய வகுப்பைப் பற்றி நிறையக் கிடைக்கும். ஆரம்பத்தில் உங்களுக்காக எல்லோரும் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொள்வார்கள். கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே நடத்தை மாறும். அதற்கு மருந்து தொடர்ந்து போய்க்கொண்டே இருப்பதுதான். வார்டு வேலை நெருக்கும்போது உங்களுக்காக நடிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

எதைப் பார்ப்பது என்று திணறினால் மானிடவியலாளர் ஜேம்ஸ் ஸ்ப்ராட்லி 1980-ல் கொடுத்த ஒன்பது அம்சங்கள் கைகொடுக்கும்: இடம், ஆட்கள், செயல்பாடு, பொருட்கள், தனிச்செயல், நிகழ்வு, நேரம், நோக்கம், உணர்ச்சி. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க முயல வேண்டாம். ஒரு காலை முழுவதும் பொருட்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். கேஸ் ஷீட் யார் கையில் இருக்கிறது, யார் கையிலிருந்து யாருக்குப் போகிறது? நோயாளி வீட்டிலிருந்து மஞ்சள் பையில் கொண்டு வந்த பழைய சீட்டுகளை யாராவது பிரித்துப் பார்த்தார்களா? எங்கள் பக்கத்தில் அந்தப் பைக்குள் இரண்டு மாநிலத்து ஆஸ்பத்திரிச் சீட்டும் சேர்ந்தே இருக்கும். ஒரே சர்க்கரை மாத்திரை இரண்டு பெயரில் இருக்கக்கூடும். பையை ஒரு மாணவர் திறக்கிறாரா என்பதே ஒரு முழு நாள் கவனிப்புக்குத் தகுந்த விஷயம்.

எழுதுவது

இந்த முறையின் உயிர் களக்குறிப்பு. ரெக்கார்டரை வார்டில் ஓட விடாதீர்கள், சம்மதம் தராதவர் குரலும் அதில் விழும். போட்டோ கூடவே கூடாது. சட்டைப்பைக்கு அடங்கும் நோட்டில் சில சொற்கள், நேரம், யார் எங்கே நின்றார் என்று ஒரு சின்னப் படம், காதில் விழுந்த ஒன்றிரண்டு வாக்கியம் அப்படியே. அவ்வளவுதான் அங்கே எழுத முடியும். அன்று ராத்திரியே உட்கார்ந்து அதை முழுதாக விரித்து எழுதிவிட வேண்டும். தூங்கி எழுந்தால் வாக்கியங்கள் போய்விடும், நம் அபிப்பிராயம் மட்டும் மிஞ்சும். நின்று பார்த்த நேரத்துக்கு ஈடாகவோ அதற்கு மேலோ எழுதும் நேரம் பிடிக்கும். நாளைத் திட்டமிடும்போதே அதை ஒதுக்கி வையுங்கள்.

‘மாணவர் நோயாளியிடம் சரியாகப் பேசவில்லை’ என்று எழுதினால் அது குறிப்பு ஆகாது, தீர்ப்பு. எப்படி எழுதுவது என்று காட்ட, மாதிரிக்காக ஒன்றை நானே அமைத்துத் தருகிறேன்.

‘மாணவர் கேஸ் ஷீட்டைப் பார்த்தபடி, “எத்ர திவசமாயி?” பாட்டி பதில் சொல்லாமல் பக்கத்துக் கட்டிலில் துணைக்கு இருக்கும் பெண்ணைப் பார்க்கிறார். அந்தப் பெண்: “எத்தன நாளாச்சுன்னு கேக்கறாங்க ஆத்தா.” பாட்டி: “அது ஆச்சு கண்ணு, பொங்கலுக்கு முந்தியிருந்தே மூச்சு வாங்குது. தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போனா பாதியிலயே வரப்புல உக்காந்துக்கறேன். முன்னயெல்லாம் ஒரே மூச்சா மூணு பாத்தி கட்டுவேன்.” அந்தப் பெண் மாணவரிடம்: “ஒரு மாசமாயி.” மாணவர் எழுதுகிறார். பாட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துப் புரொஃபசர் மூச்சுத்திணறலின் கிரேடு என்ன என்று கேட்கிறார். மாணவர் ஒரு நொடி யோசித்து, “இரண்டு” என்கிறார்.’

இதில் ‘கவனக்குறைவு’, ‘அலட்சியம்’ போன்ற சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் நடந்தது முழுவதும் தெரிகிறது. மூச்சுத்திணறலுக்கு 0 முதல் 4 வரை கிரேடு போடும் எம்.எம்.ஆர்.சி. அளவுகோலோ, இதயநோய்க்கு ஒன்று முதல் நான்கு வரை வகுக்கும் என்.ஒய்.எச்.ஏ. வகைப்பாடோ, எதுவானாலும் நோயாளியால் அன்றாடம் என்ன செய்ய முடிகிறது என்பதை வைத்துத்தான் முடிவாகும். அதற்குத் தேவையான வாக்கியத்தைப் பாட்டி சொல்லிவிட்டார். வரப்பில் உட்கார்ந்ததையும், முன்பு மூன்று பாத்தி கட்டியதையும். அது மாணவர் காதுக்கு மொழியாக வந்து சேரவில்லை. கேட்டதற்குப் பதில் வராதபோது ஊகித்து ஒரு எண்ணைச் சொன்னால் வகுப்பு நகர்ந்துவிடும் என்பதை அவர் அன்று கற்றுக்கொண்டார். கேள்வித்தாளில் இது எந்தக் கட்டத்தில் வரும்?

பேச்சை எந்த மொழியில் கேட்டீர்களோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். மலையாள வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினாலும் சரி. அங்கேயே மொழிபெயர்த்துவிட்டால் எது எங்கே விழுந்தது என்பதைப் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பார்த்ததும் கேட்டதும். வலது பக்கம் உங்கள் எண்ணம், சந்தேகம், கோபம். கோபத்தையும் எழுத வேண்டும். நான் அந்த ஊர்ப் பெண் என்பதால் பாட்டி பக்கமே என் மனம் சாயும், மாணவரின் சங்கடம் கண்ணில் படுவது குறையும். அதற்காகவே மலையாளம் தாய்மொழியாக உள்ள சக ஆசிரியர் ஒருவரை என் குறிப்புகளை வாசிக்கச் சொல்கிறேன். ‘இந்தப் பையன் தமிழில் கேட்க வாயெடுத்தான், நண்பர்கள் சிரித்ததும் நிறுத்திக்கொண்டான், கவனித்தாயா?’ என்பது போன்ற கேள்வியெல்லாம் அவரிடமிருந்துதான் வரும். களத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கும் இது பொருந்தும். உங்கள் ஊர், மொழி, சாதி, பதவி எதைப் பார்க்க வைக்கிறது, எதை மறைக்கிறது என்று எழுதி வைப்பது ஆய்வின் ஒரு பகுதி.

பேசுவது

கவனிப்போடு உரையாடலும் வேண்டும். மாணவர்களிடம் ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்?’ என்று கேட்டால் விளக்கம் சொல்லத் தொடங்குவார்கள், கொஞ்சம் பயந்தும் போவார்கள். ‘இன்று காலை அந்தக் கட்டிலருகே என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். கேன்டீனில், டீயோடு, போஸ்டிங் முடிந்த நேரத்தில். அவர்கள் சொல்வதற்கும் உங்கள் குறிப்புக்கும் வேறுபாடு இருந்தால் திருத்தப் போகாதீர்கள். அந்த வேறுபாடுதான் உங்களுக்கு வேண்டியது.

நோயாளிகளிடம் பேசும்போது அவர்கள் கேட்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ‘எந்த ஊரு அம்மிணி நீங்க?’ என்று கேட்காமல் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஊர், அப்பா என்ன செய்கிறார், யார் வீட்டுக்குச் சொந்தம் எல்லாம் சொன்ன பிறகுதான் பேச்சு ஓடும். அதன் பிறகு மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளெய்ன்மேனும் சக ஆய்வாளர்களும் 1978-ல் முன்வைத்த கேள்விகள் மிகவும் உதவும். உங்களுக்கு என்ன பிரச்சினை என்று நினைக்கிறீர்கள்? எதனால் வந்தது? ஏன் அப்போது தொடங்கியது? எதற்குப் பயப்படுகிறீர்கள்? இந்தச் சிகிச்சையால் என்ன நடக்க வேண்டும்? மாணவர்களுக்கும் இவற்றைக் கற்றுக்கொடுங்கள். ஹிஸ்டரி எடுக்கும் முறைக்கு இவை எதிரி இல்லை.

மாணவர்களையே கவனிப்பவர்களாக்குவது

2019-ல் வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டத்தில் மனப்பான்மை, நெறிமுறை, உரையாடல் ஆகியவற்றுக்கென்று தனிப் பகுதி உண்டு. 2022 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கும் திட்டமும் இருக்கிறது. இதைவிட நல்ல வாய்ப்பு இனவரைவியலுக்குக் கிடைக்காது. ஆனால் படிவத்தை நிரப்பி, பி.பி. பார்த்து, கையெழுத்து வாங்கித் திரும்பினால் அது வீணாகிவிடும். ஒரு முறையாவது படிவம் இல்லாமல் அனுப்புங்கள். அரை நாள் அந்த வீட்டில் இருந்துவிட்டு வந்து இரண்டு பக்கம் எழுதட்டும். மருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் எடுத்துத் தருகிறார், எந்த வேளை விட்டுப்போகிறது, தோட்டத்துக்குக் கிளம்பும் நாளில் என்ன ஆகிறது? எழுதியதை வகுப்பில் வாசித்து, ‘இதில் எது நீ பார்த்தது, எது நீ நினைத்தது?’ என்று வரி வரியாகக் கேளுங்கள். மார்க் போடுவதைவிட இந்தக் கேள்வி அதிகம் கற்றுத்தரும்.

குறிப்புகள் சேர்ந்த பிறகு

முழுவதையும் திரும்பத் திரும்ப வாசியுங்கள். ஓரத்தில் சிறு தலைப்புகள் எழுதுங்கள்: ‘பதில் வராத இடத்தில் ஊகம்’, ‘துணையாள் சுருக்குகிறார்’, ‘நோயாளி பேச்சு நடுவில் நிற்கிறது’. ஒரே தலைப்பு பல இடத்தில் வந்தால் அவற்றை அடுக்கி வைத்துப் பாருங்கள். அப்புறம், உங்கள் முடிவுக்கு ஒத்துவராத இடங்களைத் தேடிப் பிடியுங்கள். துணையாளை நிறுத்தி, ‘பாட்டி சொன்னதை முழுசா சொல்லுங்க’ என்று கேட்ட ஒரு மாணவி இருந்தால் அவர் எங்கே அதைக் கற்றார்? அவர் ஒருவரின் கதை உங்கள் ஆய்வையே திருப்பிவிடலாம். புதிதாக எதுவும் வராமல் பழையதே திரும்ப வரும்போது களத்தை முடித்துக்கொள்ளலாம். அறிக்கை எழுத, பண்புசார் ஆய்வுகளுக்கென்று 2014-ல் வந்த எஸ்.ஆர்.க்யூ.ஆர். என்னும் 21 அம்சப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எதுவும் விடுபடாது.

பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. சின்னக் கல்லூரியில் ‘மூன்றாம் வருட மாணவி, தமிழ் தெரிந்தவர்’ என்றாலே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கட்டில், நோய், வருடம், தேவைப்பட்டால் ஆண் பெண் என்பதையும் மாற்றுங்கள், மாற்றியிருக்கிறேன் என்று அறிக்கையில் சொல்லியும் விடுங்கள்.

வெளியிடும் முன் வார்டுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். முதலில் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் மாணவர்களிடமும், பிறகு யூனிட்டில். ‘நாங்கள் இப்படிப் பார்த்தோம், நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டு, அவர்கள் மறுப்பதையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். யூனிட்டில் பேசும்போது கையோடு ஒரு வேண்டுகோளும் இருக்கட்டும். நான் முன்வைப்பது மிகச் சிறியது: கேஸ் ஷீட்டில் தகவல் தந்தவர் யார் என்று எழுதும் வரி ஏற்கனவே இருக்கிறது. அதில் ‘நோயாளி’ என்று மட்டும் எழுதாமல், யார் மொழிபெயர்த்தார், அவருக்கு நோயாளி என்ன உறவு, நோயாளி சொன்ன ஒரு வாக்கியம் அவர் மொழியிலேயே என்று மாணவர்கள் எழுதட்டும். புரொஃபசரும் கிரேடு கேட்பதற்கு முன் அந்த வாக்கியத்தை வாசிக்கச் சொல்லட்டும்.